ஐந்தரை வயது மகனைத் தினமும் பதினொரு மணிக்கே வீட்டுக்கு அனுப்புகிறது பள்ளி: என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். எல்கேஜி எப்படியோ ஓடிவிட்டது. இப்போது யுகேஜியில் தினமும் பதினொரு மணிவாக்கில் போன் வருகிறது. "காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுறான், கையைக் கடிச்சுக்கிறான், வந்து கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். சாயங்காலம் அவனை விடும் காப்பகத்திலும் இதே புகார். ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசாமல் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். நான் வேலைக்குப் போனதுதான் காரணம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்:

கடைசியில் எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்குப் போனதால் இது வரவில்லை. 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் பற்றிய பேச்சு பரவலானது அதற்குப் பிறகுதான். அடுத்த இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் பழியெல்லாம் அம்மாக்கள் தலையில் விழுந்தது. பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்த மருத்துவர்களே எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் அந்த வாதத்தை ஆதாரத்தோடு உடைத்தார். 1977-இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு, இதில் மரபணுவின் பங்கு எவ்வளவு பெரியது என்று காட்டியது. வெளியே எப்போதோ முடிந்துபோன இந்தப் பேச்சு நம் வீடுகளில் மட்டும் முடியவில்லை. இதைப் பெரியவர்களிடம் நீங்கள் சண்டையாகச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிப்போய் அவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

இன்னொன்று. அரசு ஆவணங்களில் இதற்கு 'மதியிறுக்கம்' என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. மதி இறுகிக் கிடக்கவில்லை. உங்கள் மகனுடைய மூளை ஒலி, ஒளி, தொடுகை, பேச்சு எல்லாவற்றையும் வேறு அளவில் உள்ளே எடுக்கிறது. நமக்கு ஓரமாகக் கேட்கிற மின்விசிறிச் சத்தமும் எதிரில் டீச்சர் பேசுவதும் அவனுக்கு ஒரே உரக்கத்தில் வரக்கூடும். சான்றிதழில் அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் ஆட்டிசம் என்றே சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பதினொரு மணி போன். வருத்தமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: பள்ளியும் நீங்களும் சேர்ந்து தெரியாமல் அவனுக்கு ஒரு பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். தாங்க முடியாத ஒன்று நடக்கிறது, ஓடுகிறான், அம்மா வருகிறாள், வீடு. ஐந்தரை வயதில் இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. நாளைக்கும் ஓடுவான். அவன் கெட்டிக்காரன், அதனால்தான் ஓடுகிறான். ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்று எல்லாரும் யோசிக்கிறார்கள். எதிலிருந்து ஓடுகிறான் என்பதை யாராவது பார்த்தார்களா? உங்கள் கேள்வியில் எனக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம் அதுதான், அது மட்டும் அதில் இல்லை.

பத்தொன்பது வருடமாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு சிறு நகரத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்த பையன். பேச்சு மிகக் குறைவு. காலையில் நன்றாக இருப்பான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து கதவைப் பார்த்து ஓடுவான், தடுத்தால் கையைக் கடிப்பான். "பத்தே முக்கால் வரைக்கும் தங்கம் மேடம். அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னே தெரியல" என்றார் வகுப்பு ஆசிரியை. அவரிடம் ஒரு கோடு போடாத நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதச் சொன்னேன்: எத்தனை மணி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கு நாம் என்ன செய்தோம். எட்டு நாள் எழுதினார். 10:48, 10:52, 10:45, 10:50 என்று ஓடியது. ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் காலி. அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு மணி அடிக்கிற அஞ்சாம் வகுப்புப் பையன் லீவு. பெரிய டீச்சர் விசில் ஊதினாங்க."

வகுப்பு ஜன்னலிலிருந்து இரண்டு கை தூரத்தில் வேப்பமரம். அதில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு அந்த அஞ்சாம் வகுப்புப் பையன் இரும்புக் கம்பியால் அதை ஓங்கி அடிப்பான். நமக்கு அது மணி. இவனுக்குப் பல்லுக்குள் அடிக்கிற மாதிரி. அதைவிட மோசம், அது வரும் என்று தெரியும், எப்போது வரும் என்று தெரியாது. மணி பார்க்கத் தெரியாத பிள்ளை பத்தே முக்காலிலிருந்து அந்த அடிக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறான். புதனன்று மட்டும் ஏன் ஓடவில்லை? காலையிலேயே கம்பி ஆசிரியர் அறைக்குப் போய்விட்டது. அது மரத்தடியில் இல்லை என்று அவன் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் எட்டு நாள் எழுதிக் கண்டுபிடித்ததை அவன் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருந்தான்.

தலைமையாசிரியரிடம் ஒரு யோசனை கேட்டேன்: மணியை இவனே அடிக்கட்டுமா? அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை, "பார்ப்போமே" என்றார். முதல் நாள் கம்பியால் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு. யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. திரும்பி எங்களைப் பார்த்தான், இன்னொன்று தட்டினான், கொஞ்சம் பலமாக. தன் கையால் வருகிற சத்தம் திடீரென்று வருவதில்லை. இரண்டு வாரத்தில் கதவை நோக்கி ஓடுவது நின்றது. பிறகு அடுத்த ஜூனில் மின்சார மணி வந்தது, எல்லாம் பழையபடி. மறுபடி நோட்டு, மறுபடி தேடல். இந்த முறை தூரமான வகுப்பறை, ஐந்து நிமிடம் முன்னால் காதை மூடும் ஹெட்போன். ஒரு தடவை கண்டுபிடித்தால் காலத்துக்கும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகனுக்கு அது மணியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பதினொரு மணி என்றால் நான் பார்க்கச் சொல்வது இவை: அந்த நேரத்தில் எந்தப் பாடம் முடிந்து எது தொடங்குகிறது, பக்கத்து வகுப்பில் ரைம்ஸ் கத்திச் சொல்கிறார்களா, ஸ்நாக்ஸ் நேரத்தில் முப்பது எவர்சில்வர் டப்பா ஒரே நேரத்தில் திறக்கிறதா, கழிப்பறைக்குப் போக வேண்டி அடக்கிக்கொண்டிருக்கிறானா. கழிப்பறையை அலட்சியமாக விடாதீர்கள். வாடை, ஈரத் தரை, திடீரென்று கொட்டும் தண்ணீர் இவற்றுக்குப் பயந்து பள்ளி நேரம் முழுக்க அடக்கும் பிள்ளைகள் நிறைய. மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசம். சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் லேபிள், கழுத்து டை, புது சாக்ஸின் தையல் இவையும் இருக்கலாம். கையைக் கடிப்பது புதிதாகத் தொடங்கியிருந்தால் முதல் வேலையாகக் குழந்தை மருத்துவரிடம் காதையும் பல்லையும் காட்டுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை சொல்கிற விதங்களில் அதுவும் ஒன்று. சொத்தைப் பல்லுக்கு நடத்தைப் பயிற்சி கொடுத்த கொடுமையை நான் பார்த்திருக்கிறேன்.

காரணம் தெரிவதற்கு முன்பே நாளையே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. அடுத்து என்ன என்பதை அவன் கண்ணுக்குக் காட்டுவது. தெரபி சென்டர்களில் இதை விஷுவல் ஷெட்யூல் என்பார்கள். கடையில் வாங்க வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் போதும், அல்லது பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. உங்கள் போனில் அவனுடைய செருப்பு, பள்ளி வேன், மிஸ், வகுப்பு பெஞ்ச், ஸ்நாக்ஸ் டப்பா, கழிப்பறை, உங்கள் முகம் எல்லாவற்றையும் படமெடுத்துப் பிரிண்ட் போட்டு ஒட்டுங்கள். கார்ட்டூன் படம் வேண்டாம். அவன் பார்க்கிற அதே செருப்பு, அதே டப்பா. ஒரு நீளப் பட்டையில் மேலிருந்து கீழாக வரிசையாக வைக்க வேண்டும். ஒன்று முடிந்ததும் அவனே எடுத்து 'முடிஞ்சது' டப்பாவில் போட வேண்டும். கடைசி அட்டை உங்கள் முகம். மிஸ் ஒருநாள் வரவில்லை என்றாலோ விளையாட்டு பீரியட் ரத்து என்றாலோ அந்த அட்டையைக் காலையிலேயே மாற்ற வேண்டும். மாற்றத்தை அவன் தாங்குவான். தெரியாமல் வந்து விழும் மாற்றத்தைத்தான் தாங்க மாட்டான். டீச்சருக்கு இதனால் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் செலவாகும். இப்போது அவனைத் துரத்திப் பிடிப்பதற்கு அரை மணி நேரம் செலவாகிறது.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னது தவறான அறிவுரை, கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதைவிட, உங்களுக்குக் கோபம், கொஞ்சல், கதை, தாலாட்டு எல்லாம் எந்த மொழியில் தானாக வருகிறதோ அந்த மொழியை அவனிடமிருந்து பிடுங்கினால் மிச்சம் என்ன? "கம் ஹியர், சிட் டவுன், ஓப்பன் மவுத்" என்று கட்டளைகள் மட்டும்தான். இந்த அறிவுரையைக் கேட்டு, பேரனோடு பேசுவதையே விட்டுவிட்ட பாட்டிகள் இருக்கிறார்கள். அவன் தாத்தா பாட்டியோடு பேச வேண்டியவன். தமிழில் பேசுங்கள்.

நீங்கள் "பால் வேணுமா?" என்று கேட்டால் அவனும் "பால் வேணுமா?" என்று திரும்பச் சொல்வானாக இருக்கும். பள்ளியில் அதைக் கிண்டல் செய்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். அவனைப் பொறுத்தவரை பால் வருவதற்கு முன்னால் எப்போதும் ஒலிக்கிற ஓசை "பால் வேணுமா". அதைச் சொன்னால் பால் வரும். அர்த்தமுள்ள பேச்சுதான் அது. கேள்வியாகக் கேட்பதைக் குறைத்து, அவன் வாயில் வர வேண்டிய வாக்கியத்தை அவன் பக்கத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள்: "பால் வேணும்." சொல்லிவிட்டு டம்ளரைக் கொடுங்கள். திருத்த வேண்டாம், திரும்பச் சொல்லச் சொல்லி டம்ளரைப் பிடித்துவைக்கவும் வேண்டாம். பேச்சு வரத் தாமதமானால் படம் தொட்டுச் சொல்லப் பழக்குங்கள். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி தமிழிலும் பேசும். இல்லையென்றால் அட்டைகள் போதும். படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படி நடப்பதில்லை. சொல்ல வழி கிடைத்த பிள்ளைக்குக் கையைக் கடிக்க வேண்டிய தேவை குறைகிறது. அவனுக்கு முதலில் தேவைப்படும் அட்டைகள் மூன்று: 'போதும்', 'வெளியே போகணும்', 'வலிக்குது'. பெரும்பாலான இடங்களில் ஆப்பிள், வாழைப்பழம் என்று தொடங்குகிறார்கள். ஆப்பிள் கேட்க முடியாததால் யாரும் கையைக் கடித்துக்கொள்வதில்லை.

வகுப்பில் பேசும் முறையையும் டீச்சரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். "எத்தனை தடவை சொல்றது?" என்று கேட்டால் அது கேள்வி அல்ல, திட்டு என்று அவனுக்குத் தெரியாது. "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்றால் உண்மையாகவே வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டினாலும் எடுக்காமல் உட்கார்ந்திருந்த பெண் குழந்தையைப் பார்த்திருக்கிறேன். "ஓடாதே" என்பதைவிட "நட" என்பது அவனுக்கு எளிது. பெயரைச் சொல்லி, ஒரே வாக்கியம் சொல்லி, மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். பதில் வரவில்லையே என்று மூன்றாவது வினாடியில் இன்னொரு விதமாகச் சொன்னால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்பது பாதிதான், மற்றவருக்கும் அவரைப் புரியவில்லை, இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது. இருவரில் ஒருவருக்கு வயது ஐந்தரை, இன்னொருவர் பி.எட். படித்தவர் என்றால் யார் முதலில் நகர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

காதைப் பொத்திக்கொண்டு அலறும் அந்த நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது? அடம் வேறு, இது வேறு. அடம் பிடிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இது நிரம்பி வழிவது. கொடுத்தாலும் நிற்காது, பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் நிற்காது. அப்போது பேச்சைக் குறையுங்கள். மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்புவது அவனை இழுத்துக்கொண்டு போவதைவிட நல்லது. விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, இடிக்கிற சாமான்களைத் தள்ளிவைத்து, ஒருவர் மட்டும் தரையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும். கையைக் கடித்தால் கடிக்க ஒரு துணியோ ரப்பர் வளையமோ கொடுக்கலாம். சில பிள்ளைகளுக்கு இறுக்கி அணைத்தால் அடங்கும், சிலருக்குத் தொட்டாலே எரியும்; உங்கள் மகன் எப்படி என்பதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்தபின் தண்ணீர், கொஞ்ச நேரம் சும்மா இருத்தல். "இனிமே இப்படிப் பண்ணுவியா?" என்ற விசாரணை வேண்டவே வேண்டாம். அவன் அதைச் 'செய்யவில்லை', அவனுக்கு அது நடந்தது.

துப்பட்டாவால் நாற்காலியில் கட்டுவது, இருட்டறையில் போட்டு மூடுவது, தொடையில் கிள்ளுவது, எல்லார் முன்னாலும் நிற்க வைப்பது எதுவுமே பயிற்சி அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. காப்பகத்தில் இதைத் தனியாகவே கேளுங்கள், "என் பிள்ளை அடம் பிடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று. பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். அங்கே கழிப்பறைக்குக் கூட்டிப்போவது யார் என்று பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர், அல்லது மாற்றாக இன்னொருவர், அதற்கு மேல் வேண்டாம். பேச்சு குறைந்த பிள்ளைக்குத் தன் உடல் உறுப்புகளின் பெயரும் 'வேண்டாம்' என்று காட்டுகிற கையசைவும் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் வர வேண்டும். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கத் தயங்காதீர்கள்.

காப்பகத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பள்ளியில் தாங்கித் தாங்கி வந்த பிள்ளை அங்கே போய்ச் சேரும்போது அவனிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்த நேரத்தில் ஹோம்வொர்க், டிவி சத்தம், பத்துப் பிள்ளைகளின் கூச்சல். முதல் முக்கால் மணி நேரம் அவனிடம் யாரும் எதையும் கேட்காமல் இருக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு மூலை, ஒரு பாய், அவனுக்குப் பிடித்த ஏதோ ஒன்று, ஊஞ்சல் இருந்தால் இன்னும் நல்லது. கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும் அப்போது அதிகமாகும். நிறுத்தாதீர்கள். நாம் வேலை முடிந்து வந்து காபி குடிப்பது போல அவனுக்கு அது.

"முப்பத்தஞ்சு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு ஒருத்தனுக்காக இதெல்லாம் எப்படி?" என்று டீச்சர் கேட்பார். நியாயமான கேள்வி. அவர் மேல் கோபப்படாதீர்கள். பயிற்சிக் கல்லூரியில் இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அந்த முப்பத்தைந்து பேரில் உங்கள் மகன் தனியாக இல்லை. ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத நிலை, உள்ள ஒரு பெண் குழந்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும், ஓடியாடாததால் யார் கண்ணிலும் படாது. அடுத்த இரண்டு வருடத்தில் டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துக் கூட்டிப் படிப்பதில் வரும் சிரமம், தெரியப்போகிற பிள்ளையும் இருக்கலாம். தமிழில் அது ஆங்கிலத்தைப் போலத் தெரிவதில்லை. தமிழ் எழுத்து ஒலிக்குக் கிட்டத்தட்ட நேராக இருப்பதால் தட்டுத் தடுமாறிப் படித்துவிடும், வேகம்தான் இருக்காது. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் உயிர்க்குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. அங்கே திணறும். ண, ன, ந. ல, ள, ழ. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று எழுதும்போது மொத்தமாகக் குழம்பும். "சோம்பேறி, வீட்ல படிக்கிறதில்ல" என்று நான்காம் வகுப்பு வரை திட்டு வாங்கும். பலகையில் அன்றைய வேலைகளை வரிசையாக எழுதிவைப்பது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, நடுவில் எழுந்து நடக்க ஒரு சாக்கு, வாயால் சொன்னாலும் பதிலாக ஏற்றுக்கொள்வது, இவை மூன்று பேருக்கும் உதவும். உங்கள் மகனுக்காக மாற்றினால் மற்ற இருவரும் அதே காசில் பயன்பெறுவார்கள். டீச்சரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சலுகை கேட்கும் அம்மாவாக இல்லாமல் கூட வேலை செய்கிறவராகத் தெரிவீர்கள்.

அடுத்து, உங்களை வகுப்பில் வந்து உட்காரச் சொல்வார்கள், அல்லது மாதச் சம்பளத்துக்கு ஷேடோ டீச்சர், அதாவது அவனுக்கென்றே கூட உட்காரும் ஒருவரை, போடச் சொல்வார்கள். சில வாரம் உதவும், மறுக்க மாட்டேன். ஆனால் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்காரும் ஷேடோவைப் பார்த்தால் எனக்குப் பதறும். வகுப்பு ஆசிரியர் அவனைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். அவன் 'அந்த மேடத்தோட பையன்' ஆகிவிடுவான். வைப்பதாக இருந்தால் பின்னால் உட்கார வேண்டும், அவனோடு மற்ற பிள்ளைகளுக்கும் உதவ வேண்டும், எந்த மாதம் எத்தனை மணி நேரம் குறைப்பது என்று முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள், பையில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. அதன் 16-ஆவது பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ப மாற்றங்கள் செய்ய வேண்டும். தினமும் பதினொரு மணிக்கு அனுப்புவது அந்த மாற்றங்களில் ஒன்றல்ல. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 31-ஆவது பிரிவு தருகிறது. 'விரும்பினால்' என்பதைக் கவனியுங்கள். அது உங்கள் விருப்பம், பள்ளியின் விருப்பம் அல்ல. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் நாம் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறோம்.

சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுவீர்கள். எல்லாரும் பயப்படுகிறார்கள். அந்த அடையாள அட்டையை நீங்கள் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் காட்டலாம். பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று எது கேட்டாலும் ஆவணம்தான் பேசும். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், ஆட்டிசம் அதில் உண்டு. மதிப்பீட்டுக்கு அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களுக்குப் போகலாம், டிஇஐசி என்று கேட்டால் காட்டுவார்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. அங்கெல்லாம் ஒரு நாள் முழுக்க ஆகும். அவனுக்குப் பழகிய சாப்பாட்டை எடுத்துப் போங்கள்.

ஸ்பெஷல் ஸ்கூலா இந்தப் பள்ளியா என்பதற்கு இப்போதே முடிவெடுக்காதீர்கள். சிறப்புப் பள்ளி தண்டனையும் அல்ல, தோல்வியும் அல்ல. சில பிள்ளைகள் அங்கே முதல்முறையாகச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பள்ளி இன்னும் எதையும் செய்து பார்க்கவே இல்லை. செய்து பார்த்து முடியாமல் போவது வேறு, செய்யாமலே கைவிடுவது வேறு. அட்டை வரிசை, நோட்டு, ஓய்வு மூலை இவற்றோடு ஒரு முழு பருவம் கொடுங்கள். நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் ஓடினால் வீடு என்ற கணக்கை உடைத்துவிட்டுக் குறையுங்கள்: பதினொரு மணி வரை தாங்குகிறான் என்றால் பத்தரைக்கு, அவன் நன்றாக இருக்கும்போதே, அட்டையில் உங்கள் முகத்தைக் காட்டிக் கூட்டி வாருங்கள். வாரம் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவர், இது உங்களுக்குச் சிரமம் என்று தெரியும். முதல் இரண்டு மூன்று வாரம் தாத்தாவோ சித்தியோ போனாலும் போதும், அட்டையில் அவர்கள் படம் இருந்தால் சரி. பருவம் முடிந்தும் கையில் கடித்த தழும்பு குறையவில்லை, பள்ளி என்றாலே வாந்தி வருகிறது, டீச்சர் அட்டையைத் தொடவே இல்லை என்றால் அந்தப் பள்ளி அவனுக்கு வேண்டாம். நானே மாற்றச் சொல்வேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். நோயின் பெயரில் தொடங்காதீர்கள். அவனுக்குப் பிடித்தது, அவனால் முடிந்தது, எது அவனைக் கலங்கவைக்கும், கலங்கினால் என்ன செய்தால் அடங்குவான், 'உச்சா' என்பதற்கு அவன் என்ன சைகை காட்டுவான். அதே பக்கத்தின் நகல் காப்பகத்துக்கும் வேன் டிரைவருக்கும். வேன் டிரைவரை விட்டுவிடாதீர்கள், காலையில் அவனைத் தொடும் முதல் வெளியாள் அவர்தான். கூடவே அந்தக் கோடு போடாத நோட்டு. டீச்சருக்கு எழுத நேரமில்லை என்றால் நேரத்தை மட்டுமாவது குறிக்கச் சொல்லுங்கள், மீதியை ஆயாவிடம் கேட்டு நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆயாக்கள் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். எட்டுப் பள்ளி நாள் ஆனதும் அந்த நேரங்களை இங்கே எழுதுங்கள், எந்த நாள் காலியாக இருந்தது என்பதையும் சேர்த்து. சேர்ந்து பார்ப்போம்.